சபை நலமாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

கடைசி_பெஞ்சு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். சபையின் ஆவிக்குரிய நிலையையும் நிர்வாக நிலையையும் ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே ஒருவர் பட்டியல் ஒன்றை நீட்டிவிட்டார்: ஆராதனைக்கு வருவோர் எண்ணிக்கை, ஞானஸ்நானம், காணிக்கை, வீட்டுக்கூட்டங்கள். எல்லாக் கோடும் மேலே போகிறது. "அப்புறம் என்ன, நலம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்" என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. போதகர் நல்ல மனிதர்தான், அவரைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் போன இரண்டு வருடங்களில் மூன்று குடும்பங்கள் சத்தமில்லாமல் விலகிப் போயிருக்கின்றன. அவர்கள் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. புதிதாக வந்தவர்களின் எண்ணிக்கை அவர்களை மறைத்துவிட்டது. ஒரு சபை நலமாக இருக்கிறதா என்று பார்க்க, எதைக் கேட்க வேண்டும்? யாரைக் கேட்க வேண்டும்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகத்_தோமா

ஆவிக்குரிய நிலையை மனிதன் எப்படி அளப்பான்? இருதயத்தைப் பார்க்கிறவர் கர்த்தர் ஒருவரே. தாவீது ஜனங்களை எண்ணிப் பார்த்ததால் என்ன வந்தது என்று 2 சாமுவேல் 24-ல் படியுங்கள். குழுவைக் கலைத்துவிட்டு உபவாச ஜெபம் வையுங்கள், அது போதும்.

நூலகப்_பூனை

தோமா அண்ணா, எண்ணுவதே பாவம் என்றால் எண்ணாகமம் என்று ஒரு ஆகமமே இருக்காது. பெந்தெகொஸ்தே நாளில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர் என்று லூக்கா எண்ணித்தான் எழுதுகிறார்.

உண்மையில் சபைகளை மதிப்பிட்ட அறிக்கை ஒன்று வேதத்திலேயே இருக்கிறது. வெளிப்படுத்தல் 2, 3 அதிகாரங்கள். ஏழு சபைகள், ஏழு கடிதங்கள். சர்தை சபைக்கு வெளியே நல்ல பெயர்: "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்." லவோதிக்கேயாவுக்குத் தனக்கு ஒரு குறையும் இல்லை என்ற நினைப்பு. கண்டனமே வாங்காத சபைகள் இரண்டுதான், சிமிர்னாவும் பிலதெல்பியாவும். ஒன்று தரித்திரமும் உபத்திரவமும் உள்ள சபை, இன்னொன்றுக்குக் கொஞ்சம் பெலன்தான். கடைசி_பெஞ்சு கொடுத்த பட்டியலை வைத்து மார்க் போட்டிருந்தால் லவோதிக்கேயா முதலிடம், சிமிர்னா கடைசி.

வரலாற்றிலும் இது புதிதில்லை. 1520-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சாக்சனியில் சபை சபையாகப் போய்ப் பார்வையிட்டார்கள். 1528-ல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் அந்தப் பணிக்குப் போனார். போதகருக்குப் போதிக்கத் தெரியுமா, எப்படி வாழ்கிறார், அவருக்கு வரவேண்டிய வருமானம் ஒழுங்காக வருகிறதா, ஜனங்களுக்குப் பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் தெரியுமா என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்த்தார்கள். கிராமங்களில் பலருக்கு இந்த மூன்றுமே தெரியவில்லை. போதகர்கள் பலருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரியவில்லை. அந்த அதிர்ச்சியில்தான் 1529-ல் அவர் சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் சிறு நூலை, எழுதினார். முன்னுரையில் இந்தப் பரிதாப நிலையைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று அவரே சொல்கிறார். எல்லாக் கோடும் மேலே போகிறது என்று காட்டும் அறிக்கை கையில் இருந்திருந்தால் அந்தப் புத்தகமே வந்திருக்காது.

பழைய_கணக்கர்

நான் பல வருடம் சபைப் பொருளாளராக இருந்தவன். ஆவிக்குரிய பெரிய விஷயங்களைப் படித்தவர்கள் பேசட்டும், நான் கணக்குப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

காணிக்கையை யார் எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவரே எண்ணக் கூடாது. இருவர் எண்ண வேண்டும், அவர்கள் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. எண்ணுகிறவர் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவராக இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறவர் இவர்கள் இருவரையும் தவிர்த்த மூன்றாவது ஆள். "நம்ம பிரதர்தானே, நம்பிக்கை இல்லையா" என்று கேட்பார்கள். இந்த ஏற்பாடு திருடனைப் பிடிப்பதற்காக மட்டும் இல்லை. நாளைக்கு ஒருவன் பொருளாளர்மேல் பழி போட்டால் அவரைக் காப்பாற்றப் போவது இதுதான். பவுல் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகக் கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட வைத்துக்கொண்டு, யாரும் குற்றஞ்சாட்ட இடம் வரக் கூடாது என்று காரணத்தையும் எழுதிவைக்கிறார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே அது தேவைப்பட்டது.

அடுத்து, குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணம். கட்டட நிதி, மிஷனரி நிதி, ஏழைகள் நிதி என்று தனித்தனியாக வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் குறைகிறது என்று அதிலிருந்து எடுத்து, "அப்புறம் திருப்பி வைத்துவிடலாம்" என்பார்கள். திருப்பி வைத்த தேதி பேரேட்டில் இருக்கிறதா பாருங்கள். ஏழைகள் நிதியில் வருட முடிவில் பெரிய மீதி நின்றால் பொருளாளரைப் பாராட்டாதீர்கள். அந்த வருடம் சபையில் கஷ்டப்பட்டவர்கள் யாருமே இல்லையா, இல்லை அவர்கள் கேட்கக் கூச்சப்பட்டார்களா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. மொத்தக் காணிக்கையில் பெரும் பங்கு எத்தனை வீடுகளிலிருந்து வருகிறது? பெயர் வேண்டாம், எத்தனை வீடு என்று மட்டும். நாலைந்து வீட்டுப் பணத்தில் சபை ஓடுகிறது என்றால் அந்த நாலைந்து வீட்டார் முகம் சுளித்தால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. யாக்கோபு 2-ல் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்த கதை அது.

தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்கூட்டத்துக்கு முன்னாலேயே கையில் கொடுக்கிறார்களா, இல்லை கூட்டத்தில் வேகமாக வாசித்து "ஆமென்" வாங்கிக்கொள்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்_தோமா

கணக்கரய்யா சொன்னது அத்தனையும் சரி, மறுக்கவில்லை. ஆனால் அது நிர்வாகம். ஆவிக்குரியது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மேய்ப்பன்_ஒருவன்

தோமா ஐயா, நானும் ஒரு போதகன்தான். அந்த இரண்டையும் பிரிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அப்போஸ்தலர் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி பந்தி விசாரணையில் கிரேக்கு பாஷைக்காரருடைய விதவைகள் கவனிக்கப்படவில்லை. ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். சாப்பாடு பங்கிடுவதில் வந்த கோளாறு, நிர்வாகப் பிரச்சினை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதன் அடியில் கிடப்பது பாரபட்சம். அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்காதீர்கள், ஜெபியுங்கள்" என்று வாயை அடைக்கவில்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்து, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். தெரிந்துகொண்ட ஏழு பேரின் பெயர்களையும் வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்த மாதிரி இருக்கிறது! பந்தி பரிமாறும் வேலைக்குக் கேட்ட தகுதி என்ன? பரிசுத்த ஆவியும் ஞானமும். இது முடிந்ததும் அடுத்த செய்தி, தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை பெருகிற்று (6:7). லூக்கா எண்ணிக்கையைச் சொல்வது புகாரைத் தீர்த்த பிறகு.

ஆகவே கடைசி_பெஞ்சு தம்பி, நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்: உங்கள் சபையில் ஒரு கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே வர எவ்வளவு நாள் ஆகிறது, வந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது.

போதகர் பக்கமும் கேளுங்கள். இப்படிக் குழு போட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஒளிக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா, அவர் மனைவி பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், தன் பலவீனத்தைச் சொல்ல அவருக்கு ஒரு மனிதராவது இருக்கிறாரா, மூப்பர்கள் கடைசியாக எப்போது அவரிடம் "வேண்டாம்" என்றார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்துக்கொண்டே இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1541-ல் சீர்திருத்தவாதி கால்வின் காலத்து ஜெனீவா சபை ஒழுங்கில், போதகர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி ஒருவருடைய குறையை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று விதியே இருந்தது. கால்வினுக்கும் விலக்கு இல்லை.

மூப்பர் கூட்டத்தின் குறிப்பேட்டையும் வாங்கிப் பாருங்கள். ஒரு வருடக் குறிப்பில் ஒலிபெருக்கியும் கூரையும் எத்தனை பக்கம், ஆத்துமாக்கள் எத்தனை பக்கம்?

ரூத்_வழி

கேட்கப்படாத ஆட்கள் யாரோ அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். விலகிப் போன மூன்று குடும்பத்தையும் சொல்கிறேன். "ஏன் போனீர்கள்" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள், பாதிப் பேர் மரியாதைக்கு ஒரு காரணம் சொல்வார்கள். "போன பிறகு சபையிலிருந்து யாராவது உங்களைத் தேடி வந்தார்களா, வந்து என்ன சொன்னார்கள்" என்று கேளுங்கள். அதில் எல்லாம் தெரிந்துவிடும்.

நானும் ஒரு சபையை விட்டு வந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பெரியவர் பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பது சரியில்லை, எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். யாரையும் குற்றம் சாட்டவில்லை, ஏற்பாட்டைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். முதலில் "பார்க்கிறோம் சிஸ்டர்" என்றார்கள். அடுத்து, எனக்கு யார்மேல் கசப்பு என்று விசாரித்தார்கள். கடைசியில் என் ஆவி சரியில்லை என்று பேச்சு. கதவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, கேட்டவளைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிடுவது ஒரு கலை. 3 யோவானில் வருகிற தியோத்திரேப்பு அந்தக் கலையில் கைதேர்ந்தவன்: சகோதரர்களைத் தானும் ஏற்றுக்கொள்ள மாட்டான், ஏற்றுக்கொள்கிறவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளுவான்.

கடைசியாக வந்த மூன்று புகார்களை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் என்ன ஆயிற்று, புகார் சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று வருடமாகப் புகாரே இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. மூப்பனுக்கு எதிரான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற 1 தீமோத்தேயு 5:19-ஐக் காட்டி, பிள்ளை சொன்னதை அப்படியே அமுக்கிவிடுகிற இடங்கள் உண்டு. அந்தக் கொடுமையை யாரும் சாட்சி வைத்துக்கொண்டு செய்வதில்லை. அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும்: பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். இப்படிப்பட்ட புகார் வந்தால் சபைக்குள்ளேயே விசாரித்து முடிக்காமல் காவல்துறைக்குப் போவது என்று எழுதப்பட்ட விதி இருக்கிறதா என்று உங்கள் குழு கேட்கட்டும். ஆமா, ஐந்து பேரில் பெண்கள் எத்தனை?

கடைசி_பெஞ்சு

ஒருவர். ஐந்து பேருமே ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பவர்கள்தான். நீங்கள் கேட்ட பிறகுதான் இது உறைக்கிறது.

குழுவில் ஒருவர், நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஆயத்தமாக இருக்கும் கேள்வித்தாள் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார். அது எப்படி?

கேள்வித்தாள்_காரி

ஆய்வுக் கேள்விகள் எழுதுவது என் தொழில் என்பதால் இதற்கு மட்டும் பதில்.

அதிகம் பேசப்படுகிற முறை ஒன்று ஜெர்மானியரான கிறிஸ்டியான் ஷ்வார்ஸ் 1990-களில் பரப்பியது. தலைமை, வரங்களுக்கேற்ற ஊழியம், நிர்வாக அமைப்பு, ஆராதனை, சிறு குழு, அன்பின் உறவு உள்ளிட்ட எட்டு குணங்கள். சபையில் முப்பது பேர் கேள்வித்தாள் நிரப்புவார்கள். எதில் மதிப்பெண் மிகக் குறைவோ அதுதான் சபையைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை முதலில் சரிசெய் என்பது அடிப்படை. பலவீனத்தைப் பார்க்க வைக்கிறது என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் முப்பது பேர் யார்? சபையின் சுறுசுறுப்பான நடுவட்டத்திலிருந்து எடுத்தால், ரூத்_வழி மாதிரி ஆட்கள் அங்கேயே விழுந்துபோகிறார்கள்.

இன்னொரு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் வில்லோ க்ரீக் சபை தன் சொந்த விசுவாசிகளிடமே பெரிய அளவில் ஆய்வு நடத்தி 2007-ல் வெளியிட்டது. சபை நிகழ்ச்சிகளில் அதிகம் கலந்துகொள்வதை வைத்து ஒருவருடைய ஆவிக்குரிய வளர்ச்சியைக் கணிக்க முடியவில்லை என்பது அதன் முடிவு. தங்கள் முறையே போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், அதற்குத் தைரியம் வேண்டும். அதே சபையில் 2018-ல் அதை நிறுவிய மேய்ப்பர்மேல் பெண்கள் சொன்ன குற்றச்சாட்டுகள் வெளியே வந்தன. அவர் மறுத்தார், ஏப்ரலில் விலகினார். முதலில் அவர் பக்கம் நின்ற மூப்பர் குழு ஆகஸ்டில் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டு, மொத்தமாகப் பதவி விலகுவதாக அறிவித்தது. அவ்வளவு நன்றாகத் தன்னை அளக்கத் தெரிந்த சபை. தலைவரைப் பற்றி யார் யாரிடம் சொல்லலாம் என்பது எந்தக் கேள்வித்தாளிலும் வராது.

சரி, நீங்களே எழுதுவதானால்: "பிரசங்கம் உங்களுக்குத் திருப்தியா" மாதிரிக் கேள்விகளை விடுங்கள், எல்லோரும் நல்ல மதிப்பெண்தான் போடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். நடுராத்திரியில் ஒரு நெருக்கடி என்றால் சபையில் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? பலருடைய பதில் "போதகர்" மட்டும் என்றால் அங்கே ஐக்கியம் இல்லை, ஒரு மனிதரும் அவரைச் சுற்றி வரிசையும்தான் இருக்கிறது. "யாருமில்லை" என்று எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைத் தனியாக எண்ணுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வயது, பாலினம், எந்த ஊழியம் என்று கேட்காதீர்கள். சிறிய சபையில் அது பெயர் எழுதியதற்குச் சமம்.

மூன்றாம்_தலைமுறை

இளைஞர்களையும் கேளுங்கள் ப்ளீஸ். "வாலிபர் கூட்டம் எப்படிப் போகுது" என்று இல்லை, அங்கே எல்லோரும் கிட்டார் பற்றித்தான் சொல்வோம். சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேளுங்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை.

நூலகப்_பூனை

ஆறாம் நூற்றாண்டுத் துறவி பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான முடிவு என்றால் மடாதிபதி எல்லாச் சகோதரரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. காரணம், நல்லது எதுவென்று கர்த்தர் பல நேரம் இளையவனுக்கு வெளிப்படுத்துகிறார் என்பது. தம்பி, நீ சொன்னது அறிக்கையில் வர வேண்டிய வரி.

சந்தேகத்_தோமா

நான் சொன்ன "குழுவைக் கலையுங்கள்" என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் என் பயம் தீரவில்லை. கணக்கு சுத்தம், கதவு திறந்திருக்கிறது, புகாருக்கு விதி இருக்கிறது, அங்கே ஜெபமே இல்லை என்றால்? எபேசு சபை உழைப்பிலும் உபதேசத்திலும் சரியாகத்தான் இருந்தது, ஆதி அன்பை விட்டுவிட்டது.

ஆகவே உங்கள் குழு ஜெபக்கூட்டத்துக்குப் போய்ப் பின்னால் உட்காரட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டாம், எதற்காக ஜெபிக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் வியாதி, நம் வேலை, நம் கட்டடம், இதோடு முடிந்துவிடுகிறதா? சபைக்கு வெளியே இருப்பவர்கள் பெயர் வருகிறதா? பாவ அறிக்கை என்று ஒன்று அங்கே உண்டா, இல்லை எல்லோருமே எப்போதும் ஜெயமாகத்தான் இருக்கிறார்களா? பேசாமல் இருந்த இரண்டு பேர் திருவிருந்துக்கு முன் ஒப்புரவான சம்பவம் ஒன்றாவது சமீபத்தில் நடந்ததா? இதெல்லாம் கோடு போட்டுக் காட்ட முடியாது, கேட்டால் தெரியும்.

நூலகப்_பூனை

தோமா அண்ணா, இப்போது நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஞாபகம் வருகிறார். 1742-ல் பிரிஸ்டலில் கட்டடக் கடன் அடைக்க, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் வாராவாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்கு வீட்டுக்குப் போனவர்கள் அங்கே சண்டையையும் குடியையும் பார்த்து வந்து சொன்னார்கள். பணம் வாங்கப் போனது ஆத்துமாவை விசாரிக்கப் போவதாக மாறியது. நிர்வாகம் எங்கே முடிந்து ஆவிக்குரியது எங்கே தொடங்கியது?

மேய்ப்பன்_ஒருவன்

அறிக்கை யார் கைக்குப் போகும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். போதகர் முன்கூட்டியே பார்க்கலாம், தகவல் தவறிருந்தால் திருத்தலாம். வரியை எடுக்கச் சொல்லக் கூடாது. அதன் பிறகு சபையார் முன் முழுதாக வாசிக்க வேண்டும். மேசை இழுப்பறைக்குள் போன அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசி_பெஞ்சு

நேற்றுக் கூட்டம் நடந்தது. பிள்ளைகள் பாதுகாப்பு விதி, காணிக்கை எண்ணும் முறை, நெருக்கடிக் கேள்வி, ஜெபக்கூட்டம் எல்லாவற்றுக்கும் சம்மதம். ஊழியப் பொறுப்பில் இல்லாத இரண்டு சகோதரிகளைச் சேர்க்கவும் ஒத்துக்கொண்டார்கள். சபையில் வாசிக்கும் விஷயத்தில் "பார்க்கலாம்" என்கிறார்கள். ஆனால் விலகிப் போனவர்களைக் கேட்கக் கூடாது என்று தலைவர் திட்டமாகச் சொல்லிவிட்டார். பழைய காயத்தைக் கிளற வேண்டாமாம். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றுவிட்டேன்.

பழைய_கணக்கர்

அப்படியானால் அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: "விலகிச் சென்ற குடும்பங்களிடம் பேச இந்தக் குழு அனுமதிக்கப்படவில்லை." தணிக்கையாளர்கள் அப்படித்தான் செய்வார்கள். பார்க்க விடாத ஆவணம் முக்கியமானது என்றால், எல்லாம் சரி என்று வெறுமனே கையெழுத்துப் போட மாட்டார்கள். எது பார்க்கக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அந்த வரியை எடுக்கச் சொன்னால் உங்கள் கையெழுத்தை நிறுத்தி வையுங்கள்.

ரூத்_வழி

அப்புறம், அறிக்கைக்காகப் போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? சும்மா விசாரிக்கப் போக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கையில் காகிதம் இல்லாமல் போங்கள். முதல் தடவை சபையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.